பச்சைச் சோயா: வீட்டுத் தோட்டத்திற் செய்கையும் பறிக்குங் காலமும்

சோயா என்றதும் இந்நாட்டு இல்லங்களில் நினைவுக்கு வருவது கடையிற் பொதியாக விற்கப்படும் சோயாமீற் ஆகும். சிறுவர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் வழங்கப்படும் திரிபோஷாவிலும் சோளத்துடன் சோயா சேர்க்கப்படுகின்றது. ஆயினும் சோயா அவரையைச் செடியிற் பச்சையாக இருக்கும்போதே பறித்து, அவித்து உண்ணும் வழக்கம் நம் கமக்காரரிடையே அதிகம் பரவவில்லை. யப்பானில் இவ்வழக்கம் பல நூற்றாண்டுகளாக உள்ளது. அந்நாட்டார் இதனை "எடமாமே" என்பர். கிளையோடு கூடிய அவரை என்பது அச்சொல்லின் பொருள். காய்களைக் கிளையோடு வெட்டி விற்றமையால் அப்பெயர் வந்தது.

பச்சைச் சோயா வேறொரு பயிரன்று. முற்றிக் காய்ந்து எண்ணெய்க்கும் மாவுக்கும் பயன்படும் அதே சோயா அவரையே, முற்றுவதற்கு முன் பறிக்கப்படுகின்றது. ஆகையால் இதன் செய்கை முறை பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றை வளர்த்துப் பழகிய கமக்காரருக்குக் கடினமானதன்று. வேறுபாடு இரண்டு இடங்களிலேயே உள்ளது. ஒன்று, காய் பறித்தற்குரிய காலம் மிகக் குறுகியது. மற்றையது, விதையின் முளைக்குந் திறன் விரைவில் அழிந்துவிடும். இவ்விரண்டையும் அறியாமற் செய்கை தொடங்குவோர் முதற் போகத்திற் காயை இழப்பர். இரண்டாம் போகத்தில் விதையை இழப்பர். இவற்றை முன்னரே அறிந்து நடப்போர்க்கு, சிறு பாத்தி ஒன்றே குடும்பத்துக்கு நல்ல புரத உணவைத் தரும்.

உணவுப் பயன்

உரித்த பச்சைச் சோயாப் பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 13 கிராம் புரதமும், 6 முதல் 7 கிராம் வரை கொழுப்பும் உள்ளன. நன்கு காய்ந்த விதையில் அதே நிறைக்கு 36 முதல் 40 கிராம் வரை புரதம் உண்டு. காய்ந்த பயற்றிலுள்ள புரதம் ஏறக்குறைய 24 கிராமே. சோற்றையே முதன்மை உணவாகக் கொண்ட குடும்பத்துக்கு இது பெரிதும் வேண்டப்படுவதாகும். அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ள இலைசீன் என்னும் கூறு சோயாவில் மிகுந்துள்ளது. சோயாவிற் குறைந்துள்ள கூறுகள் அரிசியில் உள்ளன. ஆதலின் இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது.

இனத்தைத் தெரிதல்

சோயா பகற்பொழுதின் நீளத்தை அறிந்து பூக்கும் பயிர். பகல் குறுகும்போது பூத்தல் விரைவுபடும். யப்பான் முதலிய குளிர்நாடுகளிற் கோடைகாலப் பகல் மிக நீண்டது. அந்நாடுகளுக்கென உண்டாக்கப்பட்ட இனங்களை, ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறக்குறைய 12 மணி நேரமாக உள்ள இலங்கையில் விதைத்தால், செடி வளருமுன்னரே பூத்துவிடும். அரையடி உயரத்தில் நாலைந்து காயுடன் நின்றுவிடும் செடியைக் கண்டு, மண்ணையும் உரத்தையும் குறைகூறுவோர் உண்டு. குறை மண்ணிலன்று, இனத்திலேயே உள்ளது. எனவே வெளிநாட்டு விதைப் பொதியின் படத்தைப் பார்த்து வாங்குதல் கூடாது.

இந்நாட்டிற் சிபாரிசு செய்யப்பட்ட பீ.பி. 1 போன்ற இனங்கள் ஏறக்குறைய மூன்று மாதங்களில் முற்றுவன. இவற்றின் விதை சிறிதாயினும், பச்சைக் காயாகப் பறித்து உண்ணத் தக்கவை. பச்சைக் காய்க்கெனவே தெரிந்தெடுக்கப்பட்ட பெருவிதை இனங்களும் உள. 1971 ஆம் ஆண்டில் தைவானில் நிறுவப்பட்ட ஆசியக் காய்கறி ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வெப்ப நாடுகளுக்கேற்ற அத்தகைய இனங்களை உருவாக்குவதில் ஈடுபட்டு வந்துள்ளது. அவை கிடைக்குமாயின் முதலிற் சிறு பாத்தியில் விதைத்துப் பார்த்தபின் விரிவாகச் செய்தல் நன்று.

விதைக்கும் நாளைக் கணித்தல்

மூன்று மாத இனம் ஒன்று விதைத்து ஏறக்குறைய 30 முதல் 35 நாட்களிற் பூக்கும். பூத்து ஒரு மாதமளவிற் காய்கள் பச்சைப் பருவத்தில் நிரம்பும். அஃதாவது விதைத்த நாளிலிருந்து 65 முதல் 70 நாட்களிற் பறிக்கலாம். இந்தக் கணக்கை மனத்திற் கொண்டு, பறிக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் குறித்தல் வேண்டும்.

பயிற்றங்காய், போஞ்சி ஆகியவற்றை வாரத்துக்கு இருமுறை பல வாரங்களுக்குப் பறிக்கலாம். ஒரு வாரம் தவறினாலும் அடுத்த வாரம் புதுக்காய் இருக்கும். நம் நாட்டுச் சோயா இனங்களோ, பெரும்பாலும் ஒரே காலத்திற் பூத்து ஒரே காலத்தில் முற்றுவன. பறிக்கும் பருவம் வந்தபின் ஒரு வாரமளவே அது நிற்கும். வெயில் கடுமையாயின் அதனிலுங் குறையும். அந்த நாட்களில் வீட்டார் வேறு வேலையில் மூழ்கியிருப்பின் பச்சைக்காய் கைவிட்டுப் போகும்.

காலபோக நெல்லை மாசி மாதத் தொடக்கத்தில் வெட்டவுள்ள கமக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் சோயாவை ஐப்பசி நடுப்பகுதியில் விதைப்பாராயின், மார்கழிக் கடைசியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பாகக் காய் பறிக்கலாம். வயல் வேலை அப்போது குறைவு. வீட்டார் கூடிப் பறிக்க இயலும். அவரே கார்த்திகை நடுப்பகுதிவரை தாமதித்து விதைத்தால், காய்கள் தை மாதக் கடைசியிற் பருவத்துக்கு வரும். அவ்வேளை அருவிவெட்டுக்கு ஆள் தேடுவதும், களம் திருத்துவதும், சாக்கு ஒழுங்கு செய்வதுமாக வீட்டார் யாவரும் வயலில் நிற்பர். திரும்பி வந்து பார்க்கும்போது காய்கள் மஞ்சளித்திருக்கும். ஒரு மாதத் தாமதம் வேறு தீங்கு செய்யாதாயினும் இத்தீங்கைச் செய்யும்.

சிறுபோகத்திற் சித்திரை மாதத்தில் விதைக்கலாம். கிணற்று நீர் உள்ளோர் மாரி ஓய்ந்தபின் தை, மாசி மாதங்களிலும் விதைக்கலாம். எக்காலமாயினும் முழு விதையையும் ஒரே நாளில் விதையாது, பத்து அல்லது பதினான்கு நாள் இடைவெளியில் மூன்று முறையாக விதைத்தால், ஒரு மாதகாலத்துக்குப் பச்சைக்காய் கிடைக்கும். ஒரு பாத்தி தவறினும் மற்றையவை எஞ்சும்.

நிலமும் பாத்தியும்

நீர் வடியுந் தன்மையுள்ள இருவாட்டி மண் சோயாவுக்கு மிக ஏற்றது. நெல்லைப்போல இது நீர் தேங்குவதைப் பொறுக்காது. மாரிகாலத்தில் விதைப்போர் நிலமட்டத்திலிருந்து அரையடி உயர்த்திப் பாத்தி அமைத்து, இடையே வாய்க்கால் விடல் வேண்டும். மர நிழலுள்ள இடங்களிற் செடி நெடுத்து வளர்ந்து சாயும், காய் குறையும். ஆகவே பகலில் நல்ல வெயில் படும் இடத்தைத் தெரிக.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளம் இலைகள் மஞ்சளித்து நரம்புகள் மாத்திரம் பச்சையாக நிற்பதைக் காணலாம். இது நோயன்று. அத்தகைய மண்ணில் உள்ள இரும்புச்சத்தைச் செடி எடுக்க இயலாமையால் வரும் குறையாகும். நன்கு மக்கிய எருவும் கூட்டெருவும் நிறைய இட்டுவரின் இக்குறை நாளடைவிற் குறையும்.

பத்தடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட பாத்தி தொடக்கக்காரருக்குப் போதும். விதைப்பதற்கு இரு வாரங்களுக்கு முன் மண்ணை முக்காலடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு நாலைந்து கடகம் இட்டுக் கலத்தல் வேண்டும். மக்காத பச்சை எருவை விதைப்புக்கு அண்மையில் இடுதல் கூடாது. தழைச்சத்தாகிய நைதரசன் உரத்தை மிகையாக இட்டால் இலை செழிக்கும், வேர்முடிச்சு உண்டாகாது, காயும் பிந்தும். இரசாயன உரம் இடுவோர் மண் பரிசோதனைக்கேற்பத் தம் பகுதி விவசாயப் போதனாசிரியர் கூறும் அளவையே இடுக.

வேர்முடிச்சுப் பற்றீரியா

சோயாவின் வேரிற் சிறு முடிச்சுகள் உண்டாகும். அவற்றுள் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. பயறு, கௌபி ஆகியவற்றுக்கு உதவும் பற்றீரியாக்கள் நம் மண்ணில் இயல்பாகவே உள்ளன. சோயாவுக்குரிய பற்றீரியாக்களோ முன்னர் சோயா செய்யப்படாத மண்ணில் இல்லாதிருத்தல் கூடும். எனவே புதிய நிலத்தில் முதன்முறை விதைப்போர், சோயாவுக்குரிய பற்றீரிய வளர்ப்பைப் பெற்று விதையிற் பூசி விதைத்தல் நன்று. ஆறிய கஞ்சித் தண்ணீரைச் சிறிதளவு தெளித்து விதையை ஈரலிப்பாக்கி, வளர்ப்பைத் தூவி, நிழலில் வைத்து மெதுவாகப் புரட்டி, அன்றே விதைக்க வேண்டும். வெயிலிற் காயவைத்தாலும், பங்கசுகொல்லி கலந்த விதையிற் பூசினாலும் பற்றீரியாக்கள் இறந்துவிடும்.

வளர்ப்புக் கிடையாதவிடத்து, முன்னர் சோயா நன்கு விளைந்த தோட்டத்தின் மண்ணிற் சிறிதை எடுத்து, விதைக்கும் சாலில் தூவலாம். வேர் அழுகல் நோயிருந்த நிலத்து மண்ணை எடுத்தல் ஆகாது.

பூக்குங் காலத்தில் ஒரு செடியை மண்ணோடு கெல்லி எடுத்து வேரைக் கழுவிப் பார்த்தல் வேண்டும். முடிச்சை நகத்தாற் கீறும்போது உள்ளே சிவந்திருந்தால் அது நன்கு வேலை செய்கின்றது. வெளிறியோ பச்சை நிறமாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லாதிருந்தால், செடிக்கு நைதரசன் போதாது. அத்துடன் இலையும் வெளிறியிருப்பின் சிறிதளவு நைதரசன் உரம் மேலாக இடலாம்.

விதைத்தல்

விதைக்குமுன் முளைதிறனை அறிதல் இன்றியமையாதது. 50 விதைகளை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த சாக்குத் துண்டில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, ஈரம் உலராமல் நிழலில் வைக்க வேண்டும். ஐந்தாம் நாள் எண்ணிப் பார்க்கும்போது 40 அல்லது அதற்கு மேல் முளைத்திருப்பின் விதை நல்லது. 25 முதல் 40 வரை முளைத்திருப்பின் நெருக்கமாக விதைத்தல் வேண்டும். 25 இலுங் குறையின் அவ்விதையை விதைப்பதாற் பயனில்லை. மருந்து கலவாத விதையாயின் அதனை அவித்து உண்ணலாம்.

உழுந்தையும் பயற்றையும் ஊறவைத்து விதைக்கும் பழக்கமுள்ளோர் சோயாவை ஊறவைத்தல் கூடாது. இதன் தோல் மெல்லியது. நீரை விரைவாக உறிஞ்சுவதால் உள்ளிருக்கும் வித்திலைகள் வெடித்து, முளைக்குமுன் அழுகும். அதே காரணத்தினால், காய்ந்த மண்ணில் விதைத்துப் பின் வெள்ளமாக நீர் பாய்ச்சுவதுந் தவறு. முதல்நாள் பாத்திக்கு நீரிட்டு, மறுநாள் ஈரப்பதமான மண்ணில் விதைப்பதே சரியான முறை.

வரிசைக்கு வரிசை 16 அங்குலமும், வரிசையிற் குழிக்குக் குழி 4 அங்குலமும் இடைவெளி விடுக. பத்தடிப் பாத்தியில் மூன்று வரிசை அமையும். வரிசைக்கு 30 குழியாக 90 குழி வரும். குழிக்கு இரண்டு விதையாக 180 விதை வேண்டும். ஆழம் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வரை போதும். சோயா தன் தடித்த வித்திலைகளை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு முளைப்பது. ஆழமாக விதைத்தாலும், மழையால் மேல்மண் இறுகிப் படலமானாலும் முளையின் கழுத்து முறியும். எனவே விதைத்தபின் மெல்லிய வைக்கோற் படுக்கை இட்டு, முளை தோன்றியதும் வரிசையிலிருந்து அதனை விலக்கிச் செடிகளுக்கிடையே பரப்பிவிடல் நன்று.

விதைத்த முதல் வாரம் காவல் வேண்டும். புறா, அணில் ஆகியன விதையையும் வித்திலையையும் தின்னும். பின்னர் முயலும் மயிலும் இளந்தளிரை நாடி வரும். பாத்தியைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டுதல் சிறு தோட்டத்துக்குப் போதிய காப்பாகும். பத்தாம் நாளளவிற் குழிக்கு ஒரு நல்ல செடியை நிறுத்தி மற்றதைக் கிள்ளிவிடுக. பிடுங்கினால் நிற்கும் செடியின் வேர் அசையும்.

பராமரிப்பு

முதல் 40 நாட்களுக்குக் களை இல்லாதிருத்தல் வேண்டும். விதைத்து இரண்டாம், நான்காம் வாரங்களிற் களை எடுத்து, செடியின் அடிக்கு மண் அணைத்தல் வேண்டும். பூக்கத் தொடங்கியபின் மண்வெட்டியால் ஆழமாகக் கொத்துதல் கூடாது.

மணற்பாங்கான நிலத்துக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறையும், களிமண் நிலத்துக்கு வாரத்துக்கு ஒருமுறையும் நீர் பாய்ச்சலாம். பூக்கத் தொடங்கும் நாள் முதற் காய் நிரம்பும்வரை நீர் குறையவே கூடாது. பூக்கும்போது நீர் குறையின் பூ உதிரும். காய் நிரம்பும்போது குறையின் கோதுக்குள் பருப்பு இராது. கிணற்று நீர் போதாதவர் பாத்தியின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாமேயன்றி, இக்காலத்தில் நீரைக் குறைத்தல் ஆகாது.

பீடைகளும் நோய்களும்

போஞ்சி ஈ: நாற்றுப் பருவத்தில் வருவது. சிறு கறுத்த ஈ முதலிலைகளிற் புள்ளி புள்ளியாகக் குத்தி முட்டையிடும். புழு இலைக்காம்பு வழியாகத் தண்டின் அடிக்குச் செல்லும். தண்டு பருத்து வெடிக்கும். செடி மஞ்சளித்து வாடும். வாடிய செடிகளைப் பிடுங்கி எரிக்க. மற்றச் செடிகளுக்கு மண் அணைத்தால் காயத்துக்கு மேலே புதுவேர் விட்டுப் பிழைக்கும். வைக்கோற் படுக்கை இடுவதும் இதன் தாக்குதலைக் குறைக்கும்.

இலை தின்னும் புழு: இலையின் கீழ்ப்புறத்தில் மயிர் போர்த்த முட்டைக் கூட்டங்களைக் காணலாம். அவற்றை இலையோடு கிள்ளி அழித்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒழியும்.

பச்சை நாவாய்ப் பூச்சி: காய் பிடித்தபின் வருவது. தொட்டாற் கெட்ட நாற்றம் வீசும். காயின் மேலிருந்தே பருப்பின் சாற்றை உறிஞ்சுவதால், பருப்புச் சுருங்கிப் புள்ளி விழும். காலையிற் குளிருள்ள நேரத்தில் இவை பறவாது மந்தமாக இருக்கும். அப்போது சவர்க்கார நீருள்ள பாத்திரத்தைக் கீழே பிடித்துச் செடியை உலுக்கினால் விழுந்து இறக்கும். காய் பிடித்த நாள் முதல் இதனை இரண்டு நாளுக்கொருமுறை செய்தல் வேண்டும்.

மஞ்சட் சித்திரவடிவ நோய்: இலைகளில் மஞ்சளும் பச்சையும் கலந்து படர்வது. வெண்ணிற ஈயினாற் பரவும் வைரசு நோயாதலின் செடியைக் குணப்படுத்த இயலாது. நோயுற்ற செடியை உடனே பிடுங்கி அழிக்க. துரு நோயில் இலையின் கீழ்ப்புறம் கபிலநிறச் சிறு கொப்புளங்கள் தோன்றும். நெருக்கத்தைத் தவிர்த்துக் காற்றோட்டம் விடுவதும், மாலையில் இலைமேல் நீர் தெளிக்காமையும் இதனைத் தடுக்க உதவும்.

பச்சைச் சோயா சில நாட்களிற் குடும்பத்தார் உண்ணப்போகும் காய். ஆகையாற் காய் பிடித்தபின் பூச்சிகொல்லி தெளிப்பதை இயன்றவரை தவிர்த்தல் வேண்டும். தெளித்தே ஆகவேண்டுமாயின், தெளித்தற்கும் பறித்தற்கும் இடையே போத்தலிற் குறிக்கப்பட்ட நாட்கள் முழுவதும் கழிந்த பின்னரே பறிக்க.

பறிக்கும் பருவத்தை அறிதல்

இத்துண்டுப்பிரசுரத்தில் முதன்மையாகக் கவனித்தற்குரிய பகுதி இதுவாகும். நாட்கணக்கு ஒரு வழிகாட்டியே. மழை, வெயில், இனம் ஆகியவற்றால் அது சில நாள் முன்பின்னாகும். கையும் கண்ணுமே பருவத்தை முடிவு செய்தல் வேண்டும். விதைத்த 60 ஆம் நாள் முதல் ஒவ்வொரு நாட் காலையும் பாத்தியைப் பார்வையிடுக.

பருவத்துக்கு முன்: காய் முழு நீளமும் வளர்ந்திருக்கும், ஆயினும் விரலால் அமுக்கினால் தட்டையாக இருக்கும். உரித்தாற் பருப்புச் சிறிதாக, பருப்புகளுக்கிடையே வெளி விட்டுத் தோன்றும். காயின் நீளத்தைக் கண்டு இவ்வேளை பறிப்போர்க்குக் கோதே மிஞ்சும்.

சரியான பருவம்: காய் ஒளிர்ந்த பச்சை நிறமாக இருக்கும், பருப்பு இருக்கும் இடங்கள் புடைத்து நிற்கும். உரித்தாற் பருப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, காயின் அகலத்திற் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பங்கை நிரப்பியிருக்கும். செடியின் இலைகள் பச்சையாகவே இருக்கும். நகம் பருப்பில் எளிதாக இறங்கும்.

பருவந் தவறியபின்: காய் வெளிறி மஞ்சள் படரும், அடியிலைகள் மஞ்சளிக்கும். பருப்புக் கடினமாகும், அவித்தாலும் இனிமை இராது. இனிப்புச்சத்து குறைந்துவிட்டமையே அதற்குக் காரணம்.

செடியில் உள்ள காய்களுட் பத்தில் எட்டுப் பங்கு சரியான பருவத்தை அடைந்ததும் செடியை அடியோடு வெட்டலாம். எஞ்சிய சில காய்களுக்காகக் காத்திருந்தால் முந்திய எட்டுப் பங்கும் முற்றிவிடும். நாள்தோறும் சிறிதளவே வேண்டுவோர், பருத்த காய்களை மாத்திரம் கையாற் கொய்து, செடியை இரண்டு மூன்று நாள் வைத்திருக்கலாம். வேரைப் பிடுங்காது நிலத்தோடு வெட்டிவிடின் வேர்முடிச்சுகள் மண்ணில் மக்கிப் பின்வரும் மிளகாய், கத்தரி முதலியவற்றுக்கு உரமாகும். காய் நீங்கிய செடியை மாடு, ஆடுகளுக்குத் தீனியாகக் கொடுக்கலாம்; பூச்சிகொல்லி தெளித்த செடியைக் கொடுத்தல் கூடாது.

பறித்தற்கேற்ற வேளை வெயில் ஏறுமுன் உள்ள காலைப்பொழுதாகும். பறித்த காய் தன் இனிமையை விரைவில் இழக்கும். எனவே உலை வைத்தபின் பறித்தாலும் தவறில்லை. சந்தைக்குக் கொண்டுசெல்வோர் நிழலில் வைத்து, ஈரச்சாக்கால் மூடி, அன்றே விற்றல் வேண்டும். காயைக் குவியலாக வைத்தால் வெதும்பி மஞ்சளிக்கும்.

சமைக்கும் முறை

சோயாவைப் பச்சையாக உண்ணுதல் கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருளொன்று அதில் உண்டு. அது நன்கு அவிப்பதால் அழியும். கோழிக்கும் வேகாத பருப்பைப் போடுதல் ஆகாது.

காய்களைக் கழுவி, சிறிது உப்பிட்டு நன்கு கொதிக்கும் நீரிற் போட்டு, 7 முதல் 10 நிமிடம் அவிக்க வேண்டும். குளிர்ந்த நீரிலிட்டுச் சூடாக்கினால் பச்சைவாசனை எழும். கொதிநீரிலே நேரே இட்டால் அது தோன்றாது. அவிந்த காயை விரலால் அமுக்கினால் பருப்பு வெளிவரும். கோது நாரும் சுணையும் உள்ளதாதலின் உண்ணத்தக்கதன்று. காயின் நிறையில் ஏறக்குறைய அரைப்பங்கு கோதாகவே போகும் என்பதை அளவு கணிக்கும்போது மனத்திற் கொள்க. உரித்த பருப்பைத் தேங்காய்ப்பூச் சேர்த்துச் சுண்டலாகவோ, பாற்கறியாகவோ, கீரையோடு கலந்தோ சமைக்கலாம். சிலரது உடலுக்குச் சோயா ஒவ்வாது. ஆதலின் சிறுபிள்ளைகளுக்கு முதன்முறை கொடுக்கும்போது சிறிதளவே கொடுத்துப் பார்த்தல் வேண்டும்.

விதையைக் காத்தல்

ஒவ்வொரு பாத்தியிலும் நோயற்ற, நன்கு காய்த்த பத்துச் செடிகளைப் பூக்கும்போதே துணித்துண்டு கட்டி அடையாளமிட்டு, விதைக்கென ஒதுக்கிவிடல் வேண்டும். பறிக்கும் நாளில் அவற்றைத் தொடுதல் கூடாது. காய் நல்லது என்று எல்லாவற்றையும் உண்டுவிட்டு, அடுத்த போகத்துக்கு விதை தேடி அலைவோர் பலர்.

இலை உதிர்ந்து, காய் கபில நிறமாகி, ஆட்டினால் உள்ளே விதை ஓசைப்படும்போது, அதிகாலையில் வெட்டுக. வெயிலேறின் காய் வெடித்து விதை சிந்தும். முற்றிய காயை மழையில் விட்டுவைத்தால், விதை பார்வைக்கு நன்றாயிருப்பினும் முளைதிறன் குன்றும். தடியால் அடித்துப் பிரித்தலும் ஆகாது. மெல்லிய தோலின் கீழேயே முளை இருப்பதால், வெளிக்குத் தெரியாத அடியும் அதனைக் கெடுக்கும். சிறிதளவு விதையைக் கையால் உரித்தலே பாதுகாப்பானது.

விதையை இளவெயிலிலும் நிழலிலுமாகப் பல நாள் உலர்த்துக. பல்லாற் கடித்தால் நசியாது "டக்" என உடையும்வரை உலர்தல் வேண்டும். பின்னர் நன்கு ஆறவிட்டு, காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில் இட்டு, காய்ந்த அடுப்புக்கரித் துண்டுகள் சிலவற்றைத் துணியிற் கட்டி உள்ளே வைத்து மூடி, வீட்டின் குளிர்ந்த இடத்தில் வைக்க. அடுப்புக்கு மேலுள்ள பரணும், தகரக் கூரையின் கீழுள்ள அறையும் ஏற்றவையல்ல.

இவ்வாறு காத்தாலும் நம் நாட்டு வெப்பத்திற் சோயா விதை நெடுங்காலம் நில்லாது. காலபோக விதையை அடுத்த காலபோகம்வரை வைத்திருந்தவர், விதைத்து ஒன்றும் முளையாமையைக் கண்டு வருந்துதல் உண்டு. ஆகையால் மாசியில் எடுத்த விதையைச் சித்திரையிற் சிறு பாத்தியிலேனும் விதைத்து, அதில் எடுக்கும் விதையை ஐப்பசியில் விதைத்தல் வேண்டும். போகந்தோறும் பத்துச் செடியளவேனும் இவ்வாறு புதுப்பித்துவரின் விதைக்கு எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பறிக்கும் நாளில் ஆள் உண்டா எனப் பார்த்து விதைக்கும் நாளைக் குறிக்க.

2. முளைதிறன் பார்த்த விதையை, ஊறவைக்காது, ஈரமண்ணில் விதைக்க.

3. பூக்கும் நாள் முதற் காய் நிரம்பும்வரை நீரைக் குறைக்கற்க.

4. 60 ஆம் நாள் முதல் நாள்தோறும் ஒரு காயை உரித்துப் பார்க்க.

5. பருப்பு ஒன்றையொன்று தொட்டு, காய் பச்சையாக நிற்கும் நாளே பறிக்கும் நாள்.

6. பத்துச் செடியை விதைக்கு விடுக. அவ்விதையை அடுத்த போகத்திலேயே விதைக்க.

பச்சைக்காயைத் தவறவிட்டோர் செடியைப் பிடுங்கி எறிதல் வேண்டாம். இன்னும் மூன்று வாரம் விட்டால் அது காய்ந்த பருப்பாகப் பயன்படும். ஆயின் அடுத்த முறை விதைக்குமுன், வீட்டுச் சுவரிலுள்ள நாட்காட்டியில் விதைத்த நாளையும், அதிலிருந்து 60 ஆம் நாளையும் குறித்துவைத்தல் நன்று. அந்தக் குறி வீட்டார் யாவரது கண்ணிலும் படுமாயின், ஒருவர் வயலில் நின்றாலும் மற்றவர் பாத்தியைப் பார்த்துக்கொள்வர்.